சாவி யார் இடுப்பில்?

பழைய வீட்டைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தவர் எவராயிருந்தாலும், இரண்டு நிமிஷத்துக்குள் "தூணெல்லாம் அசல் பர்மாத் தேக்கு, ஸார்! தட்டிப் பாருங்கள்!" என்று சொல்லாமல் விடுவதில்லை. நாமும் மரியாதைக்கு ஒரு தட்டுத் தட்டி, "ஆமாம், பர்மாத் தேக்குத்தான்" என்று தலையை ஆட்டி வைக்கிறோம். செட்டிநாட்டு மாளிகைகளைத் தாங்கி நிற்பது அந்தத் தேக்கு. 1930-க்கும் 40-க்கும் இடைப்பட்ட காலத்தில், கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் நாட்டுக்கோட்டை நகரத்தார் கையில் இருந்தது. 1942-இல் ஜப்பானியருடைய குண்டுகளுக்கு அஞ்சி, மலையும் காடும் கடந்து கால்நடையாகவே ஊர் வந்து சேர்ந்தவர்களின் கதையைக் கேட்டிராத கிராமம் தஞ்சை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் அபூர்வம். சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பர்மா பஜார் என்று ஒரு தெரு முழுவதும் இருக்கிறது. அங்கே 'அத்தோ' என்று பெயர் சொல்லி, சேமியாவுக்கு அண்ணன் போன்ற ஒரு பண்டத்தை எலுமிச்சம்பழம் பிழிந்து கலந்து தருகிறார்கள். நாமும் சாப்பிட்டிருக்கிறோம், குறை சொல்வதற்கில்லை.

இவ்வளவு கிட்டத்து உறவாயிருந்த தேசத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருப்பது வெகு சொற்பம். 1989-இல் அந்தத் தேசத்துப் பட்டாளத்தார் அதன் பெயரை ஆங்கிலத்தில் 'மியான்மார்' என்று மாற்றினார்கள். நாம் பழக்கத்தை விடமுடியாமல் பர்மா என்றே எழுதுகிறோம். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

பெயர் இருக்கட்டும். 2011-ஆம் வருஷத்திலிருந்து ஐந்தாறு வருஷ காலம் பர்மாவில் ஒரு கோலாகலம் நடந்தது. ஐம்பது ஆண்டுகளாகப் பட்டாளத்தின் பிடியில் இருந்த தேசத்தில் ஜனநாயகம் மலர்ந்துவிட்டது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் கைதட்டின. கைதட்டி ஓய்வதற்குள், 2021 பிப்ரவரி 1-ந் தேதி விடியற்காலையில், அதே பட்டாளத்தார் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்கள். இது எப்படி நேர்ந்தது? கைதட்டியவர்கள் அந்தப் பூட்டைப் பார்க்கவே இல்லையா? பார்த்தார்கள் என்பதுதான் நமக்கு வியப்பை அளிக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1962 மார்ச் மாதத்தில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டு வருஷங்களில் பாங்குகள், கடைகள், ஆலைகள் எல்லாம் சர்க்கார் உடைமையாயின. 1964-இல் ஐம்பது, நூறு சியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமற் போயின. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த நம்மவர்கள் லட்சக்கணக்கில், கட்டிய துணியோடு கப்பலேறிச் சென்னையில் வந்து இறங்கினார்கள். இவ்வளவும் நடந்த பிறகு, 1966 செப்டம்பரில், நே வின் வாஷிங்டனுக்கு ராஜாங்க விருந்தாளியாகப் போனார். ஜனாதிபதி ஜான்ஸன் அவரை எதிர்கொண்டு உபசரித்தார். கம்யூனிஸ்டுகளோடு சேராமலிருந்தால் போதும். சொந்தப் பிரஜைகளை என்ன செய்தால் என்ன என்பது அக்காலத்து மேனாட்டு ராஜதந்திரம். பின்னர் அபினியை ஒழிப்பதற்கென்று அமெரிக்கா ஹெலிகாப்டர்களையும் கொடுத்தது.

1988-இல் மாணவர்களும் பிக்ஷுக்களும் குமாஸ்தாக்களும் ரங்கூன் வீதிகளில் திரண்டார்கள். பட்டாளம் சுட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1990-இல் நடந்த தேர்தலில், ஆங் ஸான் ஸூ கி அம்மையாரின் கட்சி 485 இடங்களில் 392-ஐப் பிடித்தது. ஆனால் பட்டாளத்தார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மையாரை வீட்டுக் காவலிலேயே வைத்திருந்தார்கள். 1991-இல் அவருக்கு நோபெல் சமாதானப் பரிசு வந்தது. அப்போதுதான் மேனாட்டார் பர்மாவை முதன்முதலாகக் கண்டுபிடித்தது போலப் பேசத் தொடங்கினார்கள்.

பேச்சோடு நிற்கவில்லை. தடைகளும் வந்தன. 1997-இல் அமெரிக்கர் யாரும் பர்மாவில் புதிதாக முதல் போடக்கூடாதென்று கிளின்டன் உத்தரவிட்டார். 2003-இல் பர்மாச் சரக்கு எதுவும் அமெரிக்காவுக்குள் வரக்கூடாதென்று சட்டமே இயற்றினார்கள். இதன் பலன் என்ன? ரங்கூனைச் சுற்றியிருந்த தையல் தொழிற்சாலைகள் மூடிக்கொண்டன. சட்டை தைத்துப் பிழைத்த பல்லாயிரம் பெண்களுக்கு வேலை போயிற்று. ஆனால் 1997-க்கு முன்பே முதல் போட்டிருந்த அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிக்குத் தடை இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் டோட்டால் கம்பெனிக்கும் இல்லை. இவ்விரண்டும் சேர்ந்து அந்தமான் கடலடியிலிருந்து எடுத்த யாடானா வாயு, குழாய் வழியாகத் தாய்லாந்துக்குப் போய்க்கொண்டேயிருந்தது. அதன் பணம் சேனாதிபதிகளின் பெட்டிக்கு வந்துகொண்டேயிருந்தது. தையற்காரியின் ஊசிக்குத் தடை. சேனாதிபதியின் குழாய்க்குச் சலுகை! இதற்குப் பெயர் 'கடுமையான தண்டனை'.

இப்படியிருக்கையில் 2008 மே 2-ந் தேதி இரவு நர்கீஸ் புயல் ஐராவதி நதியின் முகத்துவாரப் பிரதேசத்தைத் துவம்சம் செய்தது. மாண்டவர்களும் காணாமற் போனவர்களும் சேர்ந்து 1,30,000-க்கு மேல். எட்டே நாள் கழித்து, மே 10-ந் தேதி, பிணங்கள் வாய்க்காலில் மிதந்துகொண்டிருந்த சமயத்தில், பட்டாளத்தார் புதிய அரசியல் சாஸனத்துக்கு ஜனங்களின் வோட்டுக் கேட்டார்கள். புயலடித்த பகுதிகளுக்குத் தயவு காட்டி இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் 'சம்மதம்' சொன்னதாகப் பிரகடனம் வெளியாயிற்று.

அந்தச் சாஸனத்தை வாசகர்கள் கொஞ்சம் பொறுமையோடு கேட்கவேண்டும். கணக்கென்றால் கசக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதையின் உயிர்நிலை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இரண்டு சபைகளிலும் சேர்த்து மொத்தம் 664 இடம். அதில் 166 இடம், அதாவது சரியாக நாலில் ஒரு பங்கு, பிரதம சேனாதிபதி நியமிக்கும் உத்தியோகஸ்தர்களுக்கு. அவர்கள் பச்சை உடுப்போடு வரிசையாக வந்து உட்காருவார்கள். பாக்கி 498 பேரை ஜனங்கள் தேர்ந்தெடுக்கலாம். சாஸனத்தின் முக்கியமான பகுதிகளைத் திருத்துவதற்கு 'நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல்' வோட்டு வேண்டும். 664-இல் எழுபத்தைந்து வீதம் எவ்வளவு? 498! தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும், ஒருவர்கூட ஜலதோஷம் என்று வீட்டில் தங்காமல், ஒரே மனதாகக் கை தூக்கினாலும், இன்னும் ஒரு கை குறையும். அந்த ஒரு கை பச்சை உடுப்புக்குள் இருக்கிறது. இதை எழுதிய பேர்வழி வெகு கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை.

மேலும், ராணுவம், உள்நாடு, எல்லைப் பகுதி ஆகிய மூன்று மந்திரி பதவிகளுக்கும் ஆளைக் குறிப்பிடுகிறவர் பிரதம சேனாதிபதி. போலீஸும் அவருடைய ஆளின் கீழ்தான். கணவனோ குழந்தைகளோ அந்நிய நாட்டுப் பிரஜையாயிருந்தால் ஜனாதிபதியாக முடியாது என்று ஒரு விதி. ஸூ கி அம்மையாரின் கணவரும் பிள்ளைகளும் பிரிட்டிஷ் பிரஜைகள். கடைசியாக 417, 418 என்று இரண்டு விதிகள். ஜனாதிபதி நெருக்கடி நிலைமையைப் பிரகடனம் செய்து, சகல அதிகாரங்களையும் பிரதம சேனாதிபதியிடம் ஒப்படைக்கலாம்.

நம் வீடுகளில் சில மாமியார்கள் உண்டு. "இனிமேல் எல்லாம் உன் பொறுப்புத்தான், அம்மா! எனக்கு வயசாகிவிட்டது" என்று நாலு பேர் எதிரில் மருமகளிடம் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரிகள் எல்லாரும் மருமகளுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்து வாழ்த்துவார்கள். உக்கிராண அறையின் சாவிக்கொத்து மட்டும் மாமியாரின் இடுப்பிலேயே இருக்கும். மருமகள் ஒரு படி அரிசி எடுக்கவேண்டுமானால் அங்கேதான் போய் நிற்கவேண்டும். 2008-ஆம் வருஷத்துச் சாஸனம் அந்தச் சாவிக்கொத்து. அடுத்த வீட்டுக்காரிகளின் வேடிக்கையை இனிப் பார்ப்போம்.

2010 நவம்பரில் பட்டாளத்தாரின் கட்சி ஒரு தேர்தல் நடத்தித் தானே ஜெயித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் ஸூ கி அம்மையார் விடுதலையானார். 2011 மார்ச்சில் தெயின் ஸெயின் என்ற முன்னாள் ஜெனரல், உடுப்பைக் கழற்றிவிட்டு, லுங்கி கட்டிய ஜனாதிபதியாக வந்தார். செப்டம்பரில், சீனர்கள் ஐராவதியின் குறுக்கே மியித்ஸோனில் கட்டிவந்த பேரணையை நிறுத்திவைத்தார். வாஷிங்டனில் இந்தச் செய்தி பாயசம்போல் இனித்தது. சேனாதிபதிகளுக்குச் சீனாவின் அணைப்பு மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவுக்கோ சீனாவின் கொல்லைப்புறத்தில் ஒரு சிநேகிதர் தேவைப்பட்டது. இரு தரப்பாரின் தேவையும் ஒரே சமயத்தில் பழுத்தது. அதற்கு 'ஜனநாயக மறுமலர்ச்சி' என்று பெயர் வைப்பது இருவருக்குமே சௌகரியமாயிருந்தது.

2011 நவம்பர் கடைசியில் ஹில்லரி கிளின்டன் அம்மையார் போனார். 1955-க்குப் பிறகு அமெரிக்க அந்நிய இலாகா மந்திரி ஒருவர் பர்மா மண்ணை மிதித்தது அதுவே முதல் தடவை. 2012 ஏப்ரலில் இடைத்தேர்தல். ஸூ கி அம்மையாரின் கட்சி போட்டியிட்ட 44 இடங்களில் 43-ஐப் பிடித்தது. உலகமே ஆனந்தக் கண்ணீர் வடித்தது. மேலே சொன்ன கணக்கை மறக்காத வாசகர், '43 எங்கே, 166 எங்கே?' என்று கேட்பார். மேனாட்டு மந்திராலோசனை சபைகளில் அப்படிக் கேட்டவர்கள் இருந்திருக்கலாம். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அந்த மாதமே ஐரோப்பிய யூனியன் தன் தடைகளை நிறுத்திவைத்தது. நவம்பரில் ஒபாமாவே ரங்கூன் சர்வகலாசாலையில் வந்து பிரசங்கம் செய்தார். 2013 ஜனவரியில் கடன் கொடுத்த தேசங்கள் சுமார் 600 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தன. ஏப்ரல் 22-ந் தேதி ஐரோப்பிய யூனியன் ஆயுதத் தடை ஒன்றைத் தவிர மற்ற எல்லாத் தடைகளையும் நிரந்தரமாக நீக்கியது.

அதே ஏப்ரல் 22-ந் தேதி இன்னொரு சங்கதியும் வெளியாயிற்று. அரக்கான் பகுதியில் முந்திய வருஷம் ரோஹிங்யா முஸ்லிம்களின் கிராமங்கள் கொளுத்தப்பட்டதைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் சங்கத்தார் விரிவான அறிக்கை வெளியிட்டு, 'இது ஒரு ஜனசமூகத்தையே துடைத்தெடுக்கும் காரியம்' என்று குற்றம் சாட்டினார்கள். ஒரு மேஜையில் அந்த அறிக்கை. மறு மேஜையில் தடை நீக்கும் உத்தரவு. போதாக்குறைக்கு அதே மாதத்தில் நியூயார்க்கில் வேறொரு சர்வதேச சங்கத்தார் ஜனாதிபதி தெயின் ஸெயினுக்குச் சமாதானத்துக்கான விருதும் வழங்கினார்கள்.

ஒன்றை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வருஷங்களில் பர்மிய ஜனங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். 2012 ஆகஸ்டில் பத்திரிகைகளை முன்கூட்டித் தணிக்கை செய்வது ஒழிந்தது. ஆயிரக்கணக்கான கைதிகள் வீடு திரும்பினார்கள். ஒரு காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற 'ஸிம் கார்டு' ஒன்றரை டாலருக்கு வந்தது. மீன்காரியும் வண்டிக்காரனும் கையில் டெலிபோன் வைத்துக்கொண்டார்கள். பத்து வருஷம் அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகள்தான் 2021-இல் துப்பாக்கிக்கு எதிரே போய் நின்றார்கள். ஆகவே 'கதவைத் தட்டியதே தப்பு' என்று நாம் சொல்லவில்லை. சாவியை வாங்குவதற்கு முன்பே சீர்வரிசை முழுவதையும் உள்ளே அனுப்பிவிட்டு, பிறகு வெறுங்கையோடு வாசலில் நின்றார்களே, அதைத்தான் சொல்கிறோம்.

2015 ஜூனில் சாஸனத்தைத் திருத்த முயன்றார்கள். பச்சை உடுப்பு வரிசை தடுத்துவிட்டது. அந்த நவம்பரில் ஸூ கி அம்மையாரின் கட்சி பெருவெற்றி பெற்றது. அம்மையார் ஜனாதிபதியாக முடியாதே, என்ன செய்வது? கோ நீ என்ற வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். 'ராஜாங்க ஆலோசகர்' என்று ஒரு புதிய பதவியைச் சாதாரணச் சட்டத்தினாலேயே சிருஷ்டிக்கலாம். அதற்கு எழுபத்தைந்து வீதம் வேண்டாம். பூட்டைத் திறக்க முடியாவிட்டால் ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குகிற யுக்தி! அதோடு அவர் திருப்தியடையவில்லை. சாஸனத்தையே மாற்றி எழுதவேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிவந்தார். 2017 ஜனவரி 29-ந் தேதி, அந்நிய நாட்டிலிருந்து திரும்பி, ரங்கூன் விமான நிலையத்துக்கு வெளியே பேரக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றார். ஒருவன் பின்னால் வந்து தலையில் சுட்டான். சுட்டவனைத் துரத்திப் போன வாடகை மோட்டார் டிரைவர் ஒருவரும் பிணமானார். பிடிபட்டுத் தண்டனை அடைந்தவர்களில் முன்னாள் பட்டாளத்தார் இருந்தார்கள்.

மேனாட்டு ஸ்தானிகர்கள் அனுதாபச் செய்தி அனுப்பினார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2016 அக்டோபரில், அமெரிக்கா பாக்கித் தடைகளையும் எடுத்துவிட்டிருந்தது. நவம்பரில் பிரதம சேனாதிபதி மின் ஆங் லைங் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய சேனாதிபதிகளோடு சரிசமமாக உட்கார்ந்தார். கோ நீ மறைந்து மூன்று மாதத்தில், 2017 ஏப்ரலில், ஆஸ்திரியாவுக்கும் ஜெர்மனிக்கும் விஜயம் செய்தார். பிரிட்டிஷார் அவருடைய உத்தியோகஸ்தர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பழகப் பழகப் பட்டாளத்தார் நாகரிகம் அடைவார்கள் என்று நம்பிக்கை. ஆகஸ்ட் கடைசியில் அரக்கானில் தீ மூண்டது. சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்யாக்கள் வங்காள தேசத்துக்கு ஓடினார்கள். செப்டம்பரில் பிரிட்டிஷார் பாடத்தை நிறுத்தினார்கள்.

மேனாட்டாருக்கு வந்த இன்னொரு சங்கடம் ஸூ கி அம்மையாரே. இருபது வருஷமாக ஒரு தேசத்தின் விதி முழுவதையும் ஒரு முகத்தில் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அந்த முகம் 2019 டிசம்பரில் ஹேக் நகரத்து நீதிமன்றத்தில் பட்டாளத்தின் பக்கம் நின்று வாதாடியபோது, கொடுத்த விருதுகளைத் திரும்பப் பறித்தார்கள், ஆத்திரப்பட்டார்கள், அதோடு பர்மாவைப் பற்றிய சிந்தனையையும் சுருட்டி வைத்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் அம்மையாரின் கட்சி அந்த நாலில் ஒரு பங்கைச் சிறிது சிறிதாகக் குறைக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தது, வழக்கம்போல் தோற்றது. வெளியுலகில் அதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்?

2020 நவம்பர் தேர்தலில் அம்மையாரின் கட்சி 476 இடங்களில் 396-ஐப் பிடித்தது. பட்டாளத்தின் கட்சிக்கு 33. 'மோசடி' என்றார் பிரதம சேனாதிபதி. புதிய சபை கூடவேண்டிய அன்று காலையிலேயே ஜனாதிபதி வின் மியிந்தையும் ஸூ கி அம்மையாரையும் கைது செய்தார்கள். பட்டாளத்தாரின் சார்பில் வந்திருந்த உப ஜனாதிபதி மியிந் ஸ்வே, தாமே ஜனாதிபதியாகிக் கையெழுத்துப் போட்டு, அதிகாரத்தை மின் ஆங் லைங்கிடம் கொடுத்தார். எந்த விதிப்படி? 417, 418. பதின்மூன்று வருஷமாக அச்சில் இருந்த விதிகள்.

பிறகு மேனாட்டார் கையில் என்ன மிச்சம்? நியூயார்க்கில் பர்மா சர்க்காரின் பேரில் இருந்த சுமார் நூறு கோடி டாலரைச் சேனாதிபதிகள் எடுக்க முயன்றபோது அமெரிக்கா தடுத்தது; இது நல்ல காரியம். பட்டாளத்தாரின் கம்பெனிகளுக்குத் தடை போட்டது. ஆனால் வாயுக் குழாய்? அங்கே பழைய கதையேதான். ஐரோப்பிய யூனியன் வாயுக் கம்பெனியின் மேல் கைவைக்க 2022 பிப்ரவரி ஆயிற்று. அமெரிக்கா அதோடு பணப்பட்டுவாடா கூடாதென்று சொல்ல 2023 அக்டோபர் ஆயிற்று.

எல்லாவற்றிலும் நம் மனத்தை அதிகமாக உறுத்துவது டெலிபோன் கதை. 2013-இல் பர்மாவில் டெலிபோன் நடத்த அநுமதி பெற்ற இரண்டு அந்நியக் கம்பெனிகளில் ஒன்று நார்வே தேசத்து டெலிநார். அதில் பெரும் பங்கு நார்வே சர்க்காருடையது; அம்மையாருக்குச் சமாதானப் பரிசு கொடுத்த அதே நார்வே. திறந்த பர்மாவின் அடையாளமாக அந்தக் கம்பெனி விளங்கிற்று. 2021-இல் பட்டாளத்தார், ஜனங்களின் பேச்சை ஒட்டுக் கேட்கும் கருவியை முடுக்கும்படி நெருக்கினார்கள். டெலிநார் தான் விலகுவதாகச் சொல்லி, லெபனானைச் சேர்ந்த ஒரு கம்பெனிக்கு எல்லாவற்றையும் விற்றது. 2022 மார்ச்சில் கைமாறியபோது, பர்மியக் கம்பெனி ஒன்றும் அதில் கூட்டாளியாகச் சேர்ந்திருந்தது. சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் பேர் யாரோடு, எந்நேரத்தில், எங்கிருந்து பேசினார்கள் என்ற குறிப்புகளும் கம்பெனியோடு போயின. 'நார்வேக்காரன் டெலிபோனில் பேசினால் பயமில்லை' என்று நம்பி அதை வாங்கிய பையன்கள், ஸிம் கார்டை ஒடித்துச் சாக்கடையில் எறிந்தார்கள்.

மேனாட்டாரைச் சொல்லும்போது நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸூ கி அம்மையார் டில்லியில் படித்தவர். அவருடைய தாயார் இங்கே பர்மாவின் ஸ்தானிகராயிருந்தவர். 1993-க்குரிய நேரு விருதை அம்மையாருக்கு அளித்த நமது சர்க்கார், 2004-இலும் 2010-இலும் ஜெனரல் தான் ஷ்வேயை வரவேற்று உபசரித்தது. எல்லைக் கலகக்காரர்கள், சீனா, வாயு என்று காரணங்கள் உண்டு. 2021 மார்ச் 27-ந் தேதி, நூறு பேருக்கு மேல் வீதிகளில் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று, நேப்பிடா நகரில் நடந்த பட்டாள அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய எட்டுத் தேசங்களில் நமதும் ஒன்று. மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில், 1960-களில் பர்மாவுக்கே திரும்பிப்போக முயன்று முடியாமல் தங்கிவிட்ட தமிழர்கள் கோயில் கட்டிக் குடியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ராஜதந்திரத்தின் விலையை நமக்குச் சொல்வார்கள்.

2021 மார்ச் கடைசியில், ஒளிந்து வாழ்ந்த பிரதிநிதிகள், 2008-ஆம் வருஷத்துச் சாஸனம் செல்லாது என்று அறிவித்தார்கள். வல்லரசுகள் அவர்களைச் சந்தித்துப் பேசின; சர்க்காராக அங்கீகரிக்கவில்லை. பட்டாளத்தார் ஸூ கி அம்மையாருக்கு 33 வருஷத் தண்டனை விதித்து, 2023 ஆகஸ்டில் 27 ஆகக் குறைத்தார்கள். அவருடைய கட்சியை அந்த மார்ச்சிலேயே கலைத்துவிட்டார்கள். 2025 ஜூலையில், சேனாதிபதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்புக்குப் புகழுரையாக ஒரு கடிதம் எழுதினார். சில நாட்களுக்குள், பட்டாளத்தாருக்கு வேண்டியவர்கள் சிலர் மீதிருந்த தடைகளை அமெரிக்கா எடுத்தது. கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிற்று.

அந்த டிசம்பர் 28-ந் தேதி பர்மாவில் மறுபடியும் தேர்தல் ஆரம்பமாயிற்று, கட்டங்கட்டமாக. சண்டை நடக்கும் பல தாலுக்காக்களில் வோட்டுப் பெட்டி வைக்கவில்லை. சாஸனம் அதே 2008-ஆம் வருஷத்துச் சாஸனம். நாலில் ஒரு பங்கு நாற்காலிகளுக்கு இந்தத் தடவையும் வோட்டு இல்லை.